கண்ணாடிக்குப் பின்னால் ஆள் வேண்டும்: சிந்தனையாளர்களைப் பென்சிலில் கேரிக்கேச்சர் வரைவது எப்படி

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். 1945-இல் திருவிதாங்கூரில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துக் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கிய பி. என். பணிக்கர் 1995-இல் மறைந்த நாள் அது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், அன்றைக்குச் சிந்தனையாளர்கள் படங்களைச் சுவரில் மாட்டுவோம், முன்பெல்லாம் இணையத்திலிருந்து எடுத்து பிரிண்ட் போட்டவைதான். சில வருஷங்களாக அந்தச் சுவருக்கு நான் பென்சிலில் கேரிக்கேச்சர் வரைந்து கொடுக்கிறேன். அங்கே வருகிறவர்களில் தமிழ் மட்டும் படிப்பவர்கள் உண்டு, மலையாளம் மட்டும் படிப்பவர்கள் உண்டு, ரெண்டும் படிப்பவர்களும் உண்டு. அதனால் சுவரில் பெரியாரும் இருப்பார், கேரளத்தின் முதல் முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ்ஸும் இருப்பார், அம்பேத்கரும் இருப்பார்.

முதல் வருஷம் வரைந்ததில் ஒன்று ஈ.எம்.எஸ். கறுப்பு பிரேம் கண்ணாடியை முகத்தில் பாதி அளவுக்கு வரைந்து, அதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். தினமும் காலையில் வந்து தினமணி, மாத்ருபூமி ரெண்டையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் போகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எல்லோருக்கும் அவர் மாஷ், படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் சொன்னார்: "தம்பி, கண்ணாடி நல்லா வந்திருக்கு. கண்ணாடிக்குப் பின்னாடி ஆளைக் காணோமே."

கீழே எழுதுவதெல்லாம் அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில்கள். ஓரளவு பென்சில் பிடித்துப் பழகியவர்களுக்காக எழுதுகிறேன். கண், மூக்கு எங்கே வரும் என்ற அடிப்படை தெரிந்திருந்தால் போதும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு விஷயம். தமிழில் இதைக் கேலிச்சித்திரம் என்கிறோம், கேலி என்ற சொல் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்வதால் வரைகிறவனும் கேலி செய்யத்தான் வேண்டும்போல என்று நினைத்துவிடுகிறான். கேரிக்கேச்சர் என்பதன் மூலம் இத்தாலிய மொழிச் சொல், காரிக்காரே, பாரம் ஏற்றுவது என்று அர்த்தம். எனக்கு இந்த அர்த்தம் ரொம்பப் பிடிக்கும். வைக்கோல் வண்டியில் பாரம் ஏற்றுகிற மாதிரி முகத்தில் எங்கே ஏற்றலாம், எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற வேலை இது. ஒரே பக்கம் ஏற்றினால் வண்டி குடைசாய்ந்துவிடும். மூக்கை மட்டும் ஊதிப் பெரிதாக்கிய படங்கள் எல்லாம் குடைசாய்ந்த வண்டிகள்தான்.

பென்சிலைத் தொடும் முன்

சினிமா நடிகர் முகம் எல்லோருக்கும் மனப்பாடம், கண்ணை மட்டும் வரைந்தாலும் சொல்லிவிடுவார்கள். சிந்தனையாளர் விஷயம் அப்படி இல்லை. அவரை ஜனங்கள் பார்த்தது பத்திரிகையில் தபால்தலை அளவுப் படத்தில், இல்லையென்றால் மேடையில் இருபது வரிசை தள்ளி, இல்லையென்றால் டிவி விவாதத்தில். அவர்களுக்கு ஞாபகம் இருப்பது அவர் உட்காரும் விதம், அடுத்தவர் பேசும்போது தலையைச் சாய்க்கும் விதம், பதில் சொல்லும் முன் கை எங்கே போகிறது என்பது. ஆகவே மூக்கு எவ்வளவு நீளம் என்று பார்ப்பதற்கு முன்னால் பழக்கம் என்ன என்று பாருங்கள். பெரிதாக்க வேண்டியது அதைத்தான்.

வீடியோ கிடைக்கிறவர் என்றால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். சத்தம் இருந்தால் அவர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள், முகம் தப்பிவிடும். பார்த்து முடித்ததும் வரையாதீர்கள், மூன்று வரி எழுதுங்கள். "கேள்வி கேட்கும்போது தாடை முன்னால் வருகிறது." "சிரித்தால் கண் மூடிவிடுகிறது, வாய் திறப்பதில்லை." "ஒரு புருவம் எப்போதும் மேலே." இந்த மாதிரி. எழுத்தில் வராத ஒன்று படத்திலும் வராது என்பது என் அனுபவம். அந்தத் தாளை போர்டின் மூலையில் கிளிப்பில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை அது கண்ணில் பட வேண்டும்.

அப்புறம் அவர் எழுதியதில், பேசியதில் கொஞ்சமாவது படியுங்கள். ஒரு கட்டுரை, ஒரு பேட்டி போதும். கோபமாக எழுதுகிறவரா, பொறுமையாக விளக்குகிறவரா என்று தெரியாமல் அவர் உதட்டுக் கோட்டை எப்படி முடிவு செய்வீர்கள்?

புகைப்படம் ஏமாற்றும்

ஒரு படத்தை மட்டும் வைத்து வரையவே கூடாது. குறைந்தது மூன்று வேண்டும்: நேராக ஒன்று, முக்கால் பக்கம் திரும்பியது ஒன்று, பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தது ஒன்று. காரணம் லென்ஸ். போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருக்கும், காதுகள் பின்னால் போய்ச் சுருங்கும். மேடைக்குக் கீழே நின்று எடுத்த பத்திரிகைப் படத்தில் தாடையும் மூக்குத் துவாரமும் பெரிதாகி நெற்றி காணாமல் போய்விடும். இந்த மாதிரிப் படத்தைப் பார்த்து மிகைப்படுத்தினால் நீங்கள் மிகைப்படுத்துவது அந்த மனிதரை இல்லை, கேமரா நின்ற இடத்தை. மூன்று படத்திலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் அவருடையது.

பழைய செய்தித்தாள் படங்களில் இன்னொரு தொல்லை. கருப்பும் வெள்ளையும் மட்டும் நிற்கும், நடுவில் இருக்கிற சாம்பல் எல்லாம் போயிருக்கும். கன்னத்தில் ஒரு பெரிய கரும் திட்டு தெரிகிறது என்றால் அது குழியா, அச்சு மையா என்று தெரியாது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

அளந்து பிறகு தள்ளுவது

சாதாரண முகத்தில் கண் கோடு தலை உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில் இருக்கும். தலையின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண். இரண்டு கண்ணுக்கு நடுவே ஒரு கண் இடைவெளி. இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. கேரிக்கேச்சருக்கு இது எதற்கு என்றால், இந்தச் சராசரியிலிருந்து உங்கள் ஆள் எங்கே விலகுகிறார் என்று பார்ப்பதற்கு. ஒருவருக்கு நெற்றி பெரிது, கண் கோடு பாதிக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த "கொஞ்சம்" என்பதைத்தான் மூன்று மடங்கு, நாலு மடங்கு ஆக்குகிறோம். நெற்றி 10 செ.மீ.யிலிருந்து 13 ஆகிறது என்றால் அந்த 3 செ.மீ.யை வேறெங்காவது எடுக்க வேண்டும், மூக்குக்கும் தாடைக்கும் நடுவிலோ, கழுத்திலோ. கூட்டிக்கொண்டே போனால் தலை பெரிதாகுமே தவிர விகிதம் மாறாது, விகிதம் மாறாவிட்டால் அது வெறும் பெரிய முகம்.

இப்படி விகிதத்தை மாற்றுவதைத்தான் தள்ளுவது என்கிறேன். இரண்டு இடத்துக்கு மேல் தள்ளாதீர்கள். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. மற்றதெல்லாம் அவற்றுக்கு ஒத்துப்போக வேண்டும். உடம்பு வேண்டுமென்றால் தலையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு உயரம் போதும், நிஜத்தில் மனிதன் ஏழு தலைக்கு மேல் உயரம். எனக்கு மார்பு வரை வரைவதே பிடிக்கும், கை ஒன்று கட்டாயம் உள்ளே வரும்.

இதை நேராகப் பெரிய தாளில் செய்யாதீர்கள். சாதாரண நோட்டில், முகம் 5 செ.மீ. உயரம் வருகிற மாதிரி, குறைந்தது பதினைந்து குட்டிப் படம் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம். முதல் அஞ்சு எல்லோரும் போடுகிற மாதிரி இருக்கும். எட்டு, ஒன்பது வரும்போது கை சலித்துப்போய் தேவையில்லாததை விட ஆரம்பிக்கும், நல்லது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பிடித்ததை ஜெராக்ஸ் கடையில் 400 சதவீதம் பெரிதாக்கினால் முகம் 20 செ.மீ. ஆகிவிடும், ஏ3 தாளுக்குச் சரியான அளவு. அந்த ஜெராக்ஸின் பின்பக்கம் முழுக்க 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, நல்ல தாளின் மேல் வைத்து மெல்ல கோட்டின் மேல் ஓட்டினால் கார்பன் தாள் மாதிரி இறங்கும். கார்பன் தாளையே வைக்காதீர்கள், அந்த மை அழியாது.

கட்டைவிரல் சோதனை

இது மாஷ் சொன்னதிலிருந்து வந்தது. சிலருக்கு முகத்தோடு ஒரு சின்னம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாரதிக்கு முண்டாசும் மீசையும், பெரியாருக்குத் தாடி, அம்பேத்கருக்கு வட்டக் கண்ணாடியும் நீலக் கோட்டும். முட்டையில் முண்டாசு கட்டி மீசை வரைந்தால்கூட பாரதி என்பார்கள். பிரச்சனையே அதுதான், சின்னத்தை வரைந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுவோம். குட்டிப் படம் முடிந்ததும் கட்டைவிரலால் சின்னத்தை மூடிப் பாருங்கள். தாடியை மூடினால் பெரியார் தெரிகிறாரா? அந்த அகன்ற மூக்கு, அடர்ந்த புருவம், நேரே பார்க்கிற கண், இவை அவருடையவையாக இருக்கின்றனவா? இல்லையென்றால் திரும்ப நோட்டுக்குப் போங்கள்.

பெரியாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், எல்லையில் இருக்கிற எங்களுக்கு இது முக்கியம். மலையாளம் படிக்கிறவர்களுக்கு அவர் முதலில் வைக்கத்தோடு சேர்ந்தவர். வைக்கம் போராட்டம் 1924-இல், பெரியார் பிறந்தது 1879-இல், அப்படியென்றால் அங்கே போனபோது அவருக்கு வயது 44. நமக்குப் பழகிய வெள்ளைத் தாடி முகம் கடைசிக் காலத்து முகம். வைக்கம் கோயில் தெருவைப் பின்னால் போட்டுவிட்டுத் தொண்ணூறு வயது முகத்தை முன்னால் வைத்தால் காலம் பொய்யாகிவிடும். எந்த வயதை வரைகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, அந்த வருஷத்துப் படங்களை மட்டும் மேஜையில் வையுங்கள். 

அம்பேத்கர் விஷயத்தில் நான் கூடுதல் கவனமாக இருக்கிறேன். 1949-இல் சங்கர் வரைந்த ஒரு கார்ட்டூனில் அரசியல் சட்டம் ஒரு நத்தை, அதன் மேல் சாட்டையோடு அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. பல வருஷம் கழித்துப் பள்ளிப் பாடநூலில் அந்தப் படம் இருந்ததைத் தொடர்ந்து 2012-இல் நாடாளுமன்றத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. சங்கர் காயங்குளத்துக்காரர், 1948-லிருந்து 1975 வரை சங்கர்ஸ் வீக்லி நடத்தியவர், இந்தியக் கார்ட்டூனுக்கே அவர்தான் மூத்தவர், என் மரியாதைக்கு உரியவர். ஆனாலும் ஒரு படத்தில் யார் கையில் சாட்டை, யார் முதுகுக்குப் பின்னால் சாட்டை என்பது, அடி வாங்கிய பரம்பரையில் வந்த ஒருவர் கண்ணுக்கு வேறாகத் தெரியும். வரைந்தவர் மனசில் என்ன இருந்தது என்பது அப்போது உதவாது. கேரிக்கேச்சரில் அளவு என்பது பதவி மாதிரி, யாரைச் சின்னதாக வரைகிறோமோ அவரைக் கீழே வைக்கிறோம். அதனால் அம்பேத்கரை வரையும்போது நான் உடம்பைச் சுருக்குவதில்லை. அகன்ற நெற்றியையும் கனத்த தோளையும்தான் தள்ளுகிறேன், கண்ணாடிக்குள் கண் நம்மைப் பார்க்கிற மாதிரி வைக்கிறேன்.

சாதியை, நிறத்தை, ஊனத்தைப் பெரிதாக்கிச் சிரிப்பு வாங்குவது எனக்கு ஒப்புதல் இல்லாத வேலை. ஈ.எம்.எஸ்ஸுக்குப் பேச்சில் திக்கல் உண்டு. அதை வாயைக் கோணலாக்கி வரைந்தவர்கள் இருக்கலாம். இரண்டாவது தடவை நான் வரைந்தபோது, வார்த்தை வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த நிதானத்தை எடுத்துக்கொண்டேன். வாய் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான், கண் மட்டும் சொல்லப்போவதை ஏற்கெனவே பார்த்துவிட்ட கண். ஆள் குள்ளம் என்பதைக் காட்ட சட்டைக் காலரைக் காதுப் பக்கம் கொண்டுவந்தேன். கண்ணாடியை நிஜ அளவைவிடக் கொஞ்சமே பெரிதாக்கினேன். மாஷ் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, போனை எடுத்து போட்டோ பிடித்துக்கொண்டார்.

பெண்களை வரையும்போது கை தன்னாலே அழகாக்கப் பார்க்கும். சைலன்ட் வேலி காட்டுக்காகக் குரல் கொடுத்த மலையாளக் கவிஞர் சுகதகுமாரியை, எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் காடு என்பதால் ஆசையாக வரைந்தேன், கண்ணைச் சுற்றியிருந்த கோடுகளை மரியாதை என்று நினைத்துப் பாதிக்கு மேல் விட்டுவிட்டேன். பார்த்த ஒரு டீச்சரம்மா, "இது யாரு, அவங்க பேத்தியா?" என்று கேட்டார். வயதை மறைப்பது மரியாதை ஆகாது, அந்தக் கோடுகள் அவர் வாழ்ந்த வருஷங்கள். அருந்ததி ராய் மாதிரிச் சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: சுருள் சுருளாக வரையாதீர்கள். முடி மொத்தமும் ஒரு மேகம் என்று வைத்து அதன் ஓரத்தை முதலில் பிடியுங்கள், உள்ளே இருட்டான குழிகளைப் போடுங்கள், வெளிச்சம் படுகிற இடத்தில் நாலைந்து சுருள் மட்டும் தெளிவாக வந்தால் போதும், மீதியைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும்.

பென்சில், தாள்

கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டதுதான் பென்சில் குச்சி. 1795-இல் பிரான்சில் கோன்டே என்பவர் கொண்டுவந்த முறை, இன்னும் அதேதான். களிமண் கூடினால் கெட்டி, அது எச். கிராஃபைட் கூடினால் மென்மை, அது பி. வாங்க வேண்டியது நாலே நாலு: 2எச், எச்பி, 2பி, 6பி. மேலே சொன்ன மாதிரி படியெடுக்க ஒரு 4பி. அப்சராவோ கேம்லினோ போதும், பணம் மிச்சம் இருந்தால் தாளில் போடுங்கள். 150 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத கார்ட்ரிட்ஜ் தாள், கையால் தடவினால் மிக லேசாகச் சொரசொரப்பு தெரிய வேண்டும். வழவழப்பான சார்ட்டில் கிராஃபைட் நிற்காமல் வழுக்கும், ரொம்பச் சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் கண்ணிமை மாதிரி நுணுக்கம் உடைந்துபோகும். பிசைகிற ரப்பர் ஒன்று, சப்பாத்தி மாவு மாதிரி இருக்குமே அது, கோயம்புத்தூரில் ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். முனை கூராக்க உப்புத்தாள் துண்டு. பரீட்சை அட்டை பெரிதாக இருந்தால் போர்டு தனியாக வேண்டாம்.

விரலால் தேய்க்காதீர்கள். இது ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விரலில் எண்ணெய் இருக்கும், அது தாளில் இறங்கினால் அந்த இடம் அழுக்குத் திட்டாக நின்றுவிடும், ரப்பர் போட்டாலும் போகாது. மிருதுவாக்க வேண்டுமென்றால் காய்ந்த பிரஷ் அல்லது சுருட்டிய பேப்பர் ஸ்டம்ப். அதுவும் கன்னம், நெற்றி மாதிரிப் பரந்த இடத்தில் மட்டும். முகம் முழுக்கத் தேய்த்துவிட்டால் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆகிவிடும், கேரிக்கேச்சருக்குக் கோடு உயிரோடு தெரிய வேண்டும்.

இறக்கிய கோட்டை முதலில் எச்பியில் உறுதிப்படுத்துங்கள், ஒரே கனத்தில் இல்லை. வெளிச்சம் வரும் பக்கம் கோடு மெலிந்து ஓரிடத்தில் காணாமலே போகட்டும், தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் தடிக்கட்டும். அப்புறம் நிழல், 2பியில், மெல்லிய கோடுகளாக அடுக்கடுக்காக. கோடு எந்தத் திசையில் போகிறது என்பது ரொம்ப முக்கியம். கன்னம் உருண்டை என்றால் கோடும் உருண்டு போக வேண்டும், நெற்றியில் குறுக்கே, மூக்கின் ஓரத்தில் மேலிருந்து கீழே. 6பி கடைசியில்தான், கண்ணின் கருமணி, மூக்குத் துவாரம், உதடு சேரும் கோடு, தாடையின் அடி, இவ்வளவுதான். கிராஃபைட்டை அழுத்தி அழுத்திப் போட்டால் கருப்பாகாது, பளபளக்க ஆரம்பித்து வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும். அதனால் இருட்டைச் சிக்கனமாக வையுங்கள்.

கறுத்த முகத்தை வெளுக்காதீர்கள். நம்மவர்கள் வரைகிற படங்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன், ஆள் கறுப்பு, படம் வெள்ளைக்காரர். முகம் முழுக்க 6பியைப் பூசினாலும் வராது. கறுத்த தோலில் மினுமினுப்பு கூர்மையாக, பளிச்சென்று விழும், நெற்றி மேட்டில், மூக்கு நுனியில், கன்ன எலும்பில். அந்த இடங்களை முதலிலேயே வெறும் தாளாக விட்டு, மீதி எல்லாவற்றையும் 2பியில் ஒரே சீராக மூன்று நாலு அடுக்கு இறக்கி, அதன் மேல் நிழலுக்கு 6பி. வெள்ளைச் சட்டையைச் சுத்தமாகத் தாளாகவே விட்டால் முகத்தின் நிறம் தன்னாலே எழும்பும்.

வெள்ளைத் தாடிக்கு ஒரு வழி. மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலை எடுத்து, தாடி வரும் இடத்தில் முடி போகிற போக்கில் அழுத்திக் கீறுங்கள், தாளில் பள்ளம் மட்டும் விழும், ஒன்றும் தெரியாது. பிறகு 2பியைப் படுக்கவைத்து மேலே ஓட்டினால் பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும், ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. முதல் தடவை பார்க்கும்போது கை நின்றுவிடும், அவ்வளவு அழகாக எழும்பும். அதிகம் கீறிவிடாதீர்கள், முப்பது நாற்பது கீறல் போதும், மற்ற இடத்தைப் பிசைகிற ரப்பரைக் கூராக உருட்டி எடுத்துவிடலாம். கீறியது கீறியதுதான், திருத்த முடியாது, அதனால் முன்பே வேறு துண்டுத் தாளில் ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

இனி கண்ணாடி. நிறையச் சிந்தனையாளர்கள் கண்ணாடி போட்டவர்கள், ஆனாலும் இரண்டு வட்டம் போட்டு நடுவே ஒரு பாலம் கட்டி விட்டுவிடுகிறோம். கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும், அதோடு முக்கால் பக்கம் திரும்பும்போது கன்னத்தின் ஓரக் கோடு கண்ணாடிக்குள்ளே வரும்போது உள்பக்கமாக ஒடிந்து விலகும். வெள்ளெழுத்துக் கண்ணாடி தலைகீழ், கண் பெரிதாகிவிடும். அந்த ஒடிவை ஒரு மில்லிமீட்டர் கூட்டி வரைந்து பாருங்கள், கண்ணாடிக்கு உடனே கனம் வந்துவிடும். பிரேமின் நிழல் கன்னத்தில் விழ வேண்டும், மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும். ஒரு கண்ணாடியில் மட்டும் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக அடிக்கட்டும், ஆனால் கருமணியை மறைக்காமல். கருமணியை மறைத்தால் மறுபடி மாஷ் கேட்ட கேள்விதான்.

மழைக்காலம்

வாசிப்பு நாள் ஜூனில் வருவதால் எங்களுக்கு இது தலைவலி. தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றோடு வந்து விழும். தாள் ஈரம் குடித்துவிட்டால் மெத்தென்று ஆகிவிடும், 2எச் பென்சில் கோடு போடாமல் பள்ளம் போடும், ரப்பர் வைத்தால் தாள் நார் நாராக எழும்பும். வரையப்போகும் தாள்களை மே மாதத்திலேயே பாலிதீன் கவரில் போட்டு அட்டைக்கு நடுவே வைத்துவிடுங்கள். மழை நாளில் வரைந்தே ஆக வேண்டுமென்றால் எரிகிற குண்டு பல்புக்குப் பக்கத்தில் தாளை அரை மணி நேரம் வைத்து எடுங்கள், கைக்கு அடியில் எப்போதும் வேறு ஒரு தாள் இருக்கட்டும்.

பிக்சேட்டிவ், அதாவது கிராஃபைட் கலையாமல் பிடித்துவைக்கிற ஸ்பிரே, அடிப்பதும் மழை இல்லாத நாளில்தான். ஈரக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளையாகப் படலம் கட்டும். ஒரு வருஷம் நாளை காலை மாட்ட வேண்டுமே என்று சாயங்காலத் தூறலில் திண்ணையில் வைத்து அடித்து, இரண்டு படம் பனி மூடியது மாதிரி ஆகி, மாட்டாமலே எடுத்துவைத்தேன். 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, லேசாக ஒரு தடவை, காய்ந்ததும் இன்னொரு தடவை. சொட்டச் சொட்ட அடிக்காதீர்கள். முடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை மலிவு என்று சிலர் சொல்வார்கள், போகப்போகத் தாள் மஞ்சளாகிவிடும், வேண்டாம். அடிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி தாளை வைத்து, பிளாஷ் இல்லாமல். நேரே வெளிச்சம் அடித்தால் 6பி போட்ட இடமெல்லாம் மின்னும்.

பிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவே மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் கிராஃபைட் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் தாளும் சேர்ந்து ஒட்டும்.

மாட்டும் முன் காட்டுவது

பெயர் எழுதாமல் நாலு பேரிடம் காட்டுங்கள். வீட்டில் ஒருவர், டீக்கடையில் ஒருவர், தமிழ் மட்டும் படிக்கிற ஒருவர், மலையாளம் மட்டும் படிக்கிற ஒருவர். "யாரு தெரியுதா?" என்று கேட்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும். "இவர் எப்படிப்பட்ட ஆளாத் தெரியறார்?" என்று கேளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் "கோபக்காரர் போல, ஆனா நியாயமான ஆள்" என்று ஒருவர் சொன்னால் படம் பாதி ஜெயித்துவிட்டது. பெயரைச் சொல்லிவிட்டு ஆள் எப்படி என்று சொல்ல முடியாமல் முழித்தால், சின்னத்தை மட்டும் வரைந்திருக்கிறீர்கள், கட்டைவிரலை எடுத்து வையுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே படத்துக்கு இரண்டு பதில் வரும். பெரியாரைத் தமிழ்க்காரர்கள் தாடியைப் பார்த்ததும் சொல்வார்கள், மலையாளப் பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துவிட்டு வைக்கம் என்பார்கள். ஈ.எம்.எஸ் விஷயத்தில் இது அப்படியே திரும்பும். யாருக்குத் தெரியவில்லையோ அவருக்காக இன்னொரு தடயம் உள்ளே வையுங்கள், கையில் ஒரு புத்தகம், பின்னால் ஒரு தெரு, ஒரு வருஷம்.

பெயரை அடியில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே அளவு எழுத்தில் எழுதுகிறேன், பிறந்த, மறைந்த வருஷத்தோடு. என் பெயர் பின்பக்கம். கூடவே எந்த வருஷத்துப் படங்களைப் பார்த்து வரைந்தேன், எந்தத் தாள், எந்தப் பென்சில் என்பதும் பின்பக்கம் இருக்கும், அடுத்த வருஷம் அதே ஆளை வேறொரு வயதில் வரையும்போது தேவைப்படும். அதைப் பேனாவால் எழுதாமல் 2பியிலேயே எழுதுங்கள், ஜூலை ஈரத்தில் மை ஊறி முன்பக்கம் முகத்தில் வந்து தெரியும்.